றோயல் என்பீல்ட் கிளாசிக் 350: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறேன். வருகிறவை பெரும்பாலும் ஹொண்டா எம்.டி. 90, சி.டி. 125, பஜாஜ், ஹீரோ. எப்போதாவது ஒரு றோயல் என்பீல்ட் கிளாசிக் வந்து நின்றால் அரை மணித்தியாலம் வேலை ஓடாது. ரியூப் ஒட்ட வந்தவர், தேத்தண்ணிக் கடையில் இருந்தவர், பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பொடியள் எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கையில் ஒயிலோடு நின்று பாதியில் விட்ட பதில்களை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

அண்ணை, இது அந்தப் பழைய புல்லட் தானே?

இல்லை. முகம் பழையது, உள்ளே எல்லாம் வேறு. ஒரே மாதிரித் தெரிகிற இந்த 350களில் மூன்று தலைமுறை எஞ்சின் இருக்கிறது. அதைப் பிரித்தறியாமல் விலை பேசினால் ஏமாற்றம்தான்.

முதலாவது வார்ப்பிரும்புச் சிலிண்டர் வைத்த பழைய புல்லட் எஞ்சின். 346 சிசி, 18 குதிரைவலு. எஞ்சின் தனிப் பெட்டி, கியர் தனிப் பெட்டி. 1940களின் கடைசியில் இங்கிலாந்தில் வரைந்த அதே எஞ்சின், சில திருத்தங்களோடு 2000களின் கடைசி வரை இந்தியாவில் ஓடியது.

இரண்டாவது, எஞ்சினையும் கியரையும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் வைத்தது. கிளாசிக் என்ற பெயர் வந்தது இதோடுதான். 2008இல் ஜேர்மனியில் முதலில் காட்டினார்கள், 2009இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 346 சிசி அளவு அப்படியே இருந்தது. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீற்றர். கியர் ஐந்து.

மூன்றாவது, 2020 நவம்பரில் மீற்றியோர் 350 இல் முதலில் வந்து, 2021 செப்டெம்பரில் கிளாசிக்குக்கும் ஏறிய எஞ்சின். 349 சிசி, விட்டம் 72, ஓட்டம் 85.8. வால்வைத் திறக்கிற கம்பித்தண்டுகள் போய், வால்வை அசைக்கிற கம்ஷாப்ற் தலைக்கு மேலேயே ஏறிவிட்டது. 6,100 சுற்றில் 20.2 குதிரைவலு, 4,000 சுற்றில் 27 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை.

கராஜ் வாசலில் நின்றே பிரித்தறியலாம். கிக்கர் இல்லாமல், ஸ்பீடோமீற்றருக்குக் கீழே பெற்றோல் அளவு காட்டும் சின்னத் திரை இருந்தால் மூன்றாவது. எஞ்சினுக்குப் பின்னால் கியர்ப் பெட்டி தனிப் பெட்டியாகப் பூட்டியிருந்தால் முதலாவது.

இங்கிலாந்துச் சாமானா, இந்தியச் சாமானா?

பிறந்தது இங்கிலாந்தில், றெடிச் என்ற ஊரில். தையல் ஊசி செய்வதற்குப் பேர்போன இடம் அது. ஊசி செய்த ஒரு பட்டறை சைக்கிளுக்கு மாறி, சைக்கிள் மோட்டார் சைக்கிளாக மாறியது. முதல் மோட்டார் சைக்கிள் 1901இல் வந்தது.

இந்தியக் கதை இராணுவத்தோடு தொடங்குகிறது. எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி தேடிய இந்திய இராணுவம் 1950களின் முற்பகுதியில் புல்லட் 350ஐத் தெரிந்தெடுத்தது. அந்தத் தேவை பெரிதாக, 1955இல் றெடிச் கம்பனியும் மெட்ராஸ் மோட்டர்ஸும் சேர்ந்து என்பீல்ட் இந்தியாவை ஆரம்பித்தன. தொழிற்சாலை சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில். முதலில் பாகங்களை இறக்கிப் பூட்டினார்கள். 1957இல் கருவிகளும் அச்சுக்களும் வந்து சேர்ந்தன. 1962 அளவில் முழு வண்டியும் அங்கேயே செய்யப்பட்டது.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது. தாய்க் கம்பனி செத்துப்போனது. றெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது, 1970 அளவில் இங்கிலாந்தில் தயாரிப்பு முழுதாக நின்றது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி செய்தார்கள்.

1990களில் என்பீல்ட் இந்தியா ஐஷர் குழுமத்தின் கைக்குப் போய், திரும்பவும் றோயல் என்பீல்ட் என்ற பெயரை எடுத்தது. 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் பெரிய தொழிற்சாலைகள் வந்தன. இரண்டும் தமிழ்நாட்டில்தான். முல்லைத்தீவில் கரையில் நின்று பார்க்கிற அதே வங்கக் கடலின் மேற்குக் கரைப் பக்கத்தில், தமிழ் பேசுகிற கைகள் எழுபது வருசமாகப் பூட்டி வருகிற வண்டி இது. யப்பான் பைக்கையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது அதிகம் தெரியாது.

பிறகேன் இதை ‘ரெட்ரோ’ என்கிறார்கள்?

பழைய வடிவத்தைத் தெரிந்தே புது எஞ்சினுக்கு மேலே போடுவதை அப்படிச் சொல்கிறார்கள். கவசாகி 1999இல் டபிள்யூ 650ஐ அப்படிச் செய்தது. ட்ரையம்ப் புதிய பொனவில்லைக் கொண்டுவந்தது அதற்கு அடுத்த ஆண்டுகளில். அந்த இரண்டு இடத்திலும் பழைய வண்டி நின்றுபோய், பல வருசம் கழித்து நினைவிலிருந்து திரும்பி வந்தது.

என்பீல்ட்டுக்கு அந்த இடைவெளி கிடையாது. 1955இலிருந்து விடாமல் அதே உருவத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். அது வடிவமைப்பாளரின் தெரிவல்ல, மாற்றக் காசும் அவசரமும் இல்லாத தொழிற்சாலையின் பழக்கம். 2008இல்தான் முதன்முறையாக உட்கார்ந்து யோசித்து, பழமையையே விற்கிற பொருளாக்கினார்கள். கிளாசிக்கின் ஒற்றைச் சீற், கண்ணீர்த்துளி மாதிரிப் பெற்றோல் தாங்கி, முன் லைற்றையும் மீற்றரையும் ஒரே தொப்பிக்குள் வைத்த அமைப்பு எல்லாம் போருக்குப் பிந்திய றெடிச் வண்டிகளிலிருந்து எடுத்தவை. அந்தத் தொப்பி 1954இல் வந்தது. அதன் இரண்டு பக்கமும் இருக்கிற சின்ன லைற்றுகளைப் ‘புலிக்கண்’ என்பார்கள். இன்றைய கிளாசிக்கிலும் அவை எரிகின்றன.

எங்கட ஊர் சி.டி. 125உம் பழைய உருவம்தான். ஆனால் அதை யாரும் ரெட்ரோ என்பதில்லை. அது உண்மையிலேயே பழையது.

ஏன் ‘புல்லட்’ என்று பெயர் வைத்தார்கள்?

இதைக் கேட்டவர் ஒரு வயதான அம்மா. பேரன் கிளாசிக் வாங்கப் போகிறேன் என்று சொல்ல, பெயரைக் கேட்டுக் கலங்கிப்போய் வந்திருந்தா. எங்கட பக்கத்தில் அந்தச் சொல் வண்டியை நினைவுபடுத்துவதில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

றெடிச் கம்பனி ஆரம்ப நாளில், இங்கிலாந்தில் என்பீல்ட் என்ற இடத்திலிருந்த அரச துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுணுக்கமான பாகங்கள் செய்து கொடுத்தது. அந்த வேலையின் பெருமையில்தான் ‘றோயல் என்பீல்ட்’ என்ற பெயர். பீரங்கிப் படத்தைச் சின்னமாக்கி, ‘துப்பாக்கி போலச் செய்யப்பட்டது’ என்பதையும் தங்கள் வாசகமாக்கினார்கள். துப்பாக்கியின் பாகங்கள் மயிரிழை பிசகாமல் பொருந்தும், எங்கள் வண்டியும் அப்படித்தான் என்பது அதன் பொருள். புல்லட் என்ற பெயர் 1932இல் அதே வரிசையில் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் 125 சிசி வண்டி ஒன்றைச் செய்தார்கள். படையினரோடு ஆகாயத்திலிருந்து இறக்கக்கூடிய அளவுக்கு அது இலேசு. ‘பறக்கும் தெள்ளு’ என்று அதற்குப் பட்டப்பெயர். ஆக, இந்த வண்டியின் வேர் போருக்குள் போகிறது, அதை மறைக்க முடியாது. அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: பேரன் வாங்குகிற வண்டியில் எழுதியிருப்பது கிளாசிக், அம்மா. புல்லட் என்பது வேறு மொடல்.

அந்த ‘டப்… டப்…’ சத்தம் எங்கேயிருந்து வருகிறது?

ஒரே ஒரு பெரிய சிலிண்டர். நாலு அடிப்பு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்றால், செக்கனுக்கு எட்டு வெடிப்பு. அந்த வேகத்தில் காது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்துவிடும். சி.டி. 125இல் இரண்டு சின்னச் சிலிண்டர். வெடிப்புகள் நெருங்கி வருவதால் காதுக்கு ஒரே இரைச்சலாகப் போய்விடுகிறது.

இரண்டாவது காரணம் பிஸ்டன் ஓட்டத்தின் நீளம். ஹொண்டா சி.டி. 200ஐ எடுங்கள்: விட்டம் 53, ஓட்டம் 44. ஓட்டம் குறுகியது, அதனால் பிஸ்டன் வேகமாக ஏறி இறங்கலாம், எஞ்சின் சுற்றிச் சுற்றி வலுவெடுக்கும். கிளாசிக்கில் தலைகீழ்: விட்டம் 72, ஓட்டம் 85.8. ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் 17 சென்ரிமீற்றருக்கு மேல் ஓட வேண்டியிருக்கிறது. 6,100 சுற்றில் சராசரியாகச் செக்கனுக்கு 17 மீற்றர் வேகம். அதற்கு மேலே விரட்ட விரட்டப் பிஸ்டனுக்கும் அதைத் தாங்குகிற கொன்றொட்டுக்கும் பாரம் கூடும். ஆகவே இந்த எஞ்சின் சுற்றி வலுவெடுப்பதில்லை, மிதித்து வலுவெடுக்கும். பாரமான பிளைவீல் ஒன்று அந்த மிதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த வெடிப்பு வரும்வரை வண்டியை இழுத்துப் போகும்.

நெல்லு மூட்டையோடு வயல் வரம்புப் பாதையில் மூன்றாம் கியரில் மெதுவாகப் போனாலும் எஞ்சின் உதறாமல் இழுப்பது அதனால்தான். நூற்றிருபதில் ஓட வேண்டும் என்று வருகிற தம்பிமாருக்கு இது சரிவராது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

பழையதில் கை மரத்துப்போகுமே, இதில் எப்படி?

பெரிய ஒற்றைப் பிஸ்டன் மேலே போய்த் திடீரென்று நின்று திரும்பும்போது முழு வண்டியையும் தூக்கிப் பார்க்கும். பிஸ்டன் சுற்றுகிற கிராங் தண்டில் எதிர்ப்பாரம் வைத்தால் ஒரு பங்கைத்தான் அடக்கலாம். முழுதாக அடக்கப் போனால் அந்தப் பாரமே முன்னும் பின்னும் உதைக்கும். பழைய புல்லட்டும் 2009 கிளாசிக் 350உம் இந்த அரைகுறைச் சமநிலையோடுதான் ஓடின. எண்பதுக்கு மேலே போனால் கண்ணாடியில் பின்னால் வருவது லொறியா பஸ்ஸா என்று தெரியாது.

2021 எஞ்சினுக்குள் சமநிலைத் தண்டு ஒன்று வைத்தார்கள். கிராங் ஒரு பக்கம் சுற்ற, அது அதே வேகத்தில் மறுபக்கம் சுற்றி, மிச்சமிருக்கிற உதைப்பைச் சாப்பிட்டுவிடுகிறது. நடுக்கம் முழுதாகப் போய்விட்டதென்று இல்லை. கையை உறுத்துகிறது போய், சீற்றுக்குக் கீழே மெல்லிய துடிப்பு மட்டும் இருக்கிறது. சட்டகத்தையும் அப்போதே மாற்றினார்கள். முன்னால் ஒரு குழாய் இறங்கிய இடத்தில் இப்போது இரண்டு. இங்கிலாந்தில் லெஸ்டர்ஷையரில் இருக்கிற தங்கள் நுட்ப நிலையத்திலும் சென்னையிலுமாகச் செய்த வேலை. என் கணக்கில் கிளாசிக்கின் வரலாற்றிலேயே பெரிய திருத்தம் இந்தத் தண்டும் சட்டகமும்தான். தோற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஒயில் ஒழுகுமா?

அந்தப் பேர் முதலாம் தலைமுறையால் வந்தது. எஞ்சின், கியர், கிளச் மூன்றுக்கும் தனித்தனி மூடி, தனித்தனி ஒயில், இடையில் கசிவைத் தடுக்கிற கஸ்கெற். மூட்டு எத்தனையோ அத்தனை இடத்தில் ஒழுக வாய்ப்பு. ஒரே கூட்டுக்குள் வந்த பிறகு அந்தக் குறை பெரும்பாலும் போய்விட்டது. புதியது ஒழுகினால் ‘என்பீல்ட் என்றால் அப்படித்தான்’ என்று விடாதீர்கள். எங்கோ பிழை இருக்கிறது.

பழைய புல்லட்டில் கியர் வலது காலிலாம், உண்மையா?

உண்மை. பிரித்தானியப் பழைய முறைப்படி கியர் வலது பக்கம், பின் பிறேக் இடது பக்கம். அதுவும் முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இரண்டாம் தலைமுறையோடு கியர் இடது காலுக்கு வந்துவிட்டது. பழையதை ஓடிப் பார்க்கக் கேட்டால் முதலில் வளவுக்குள் நாலு சுற்று ஓடுங்கள். அவசரத்தில் பிறேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பது எல்லோருக்கும் நடக்கும்.

மண்ணெண்ணெயில் ஓடுமா?

இளையவர்கள் கேட்பதில்லை. நாற்பது தாண்டிய எல்லோரும் கேட்கிறார்கள். அவர்களுக்கு இதற்கான காரணத்தை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

போர் நடந்த நாளில், 1990இல் அரசு போட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோல் வன்னிக்குள் வருவது நின்றது. கிடைத்த கொஞ்சமும் சாதாரண ஆட்கள் வாங்குகிற விலையில் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளவாகக் கிடைத்தது. அப்போது என் மாமாவிடம் ஒரு சி.டி. 200 நின்றது. சேலைன் குழாய் பூட்டிய சின்னப் போத்தலில் பெற்றோல், தாங்கியில் மண்ணெண்ணெய். காபரேற்றருக்கு நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறும் மட்டும் அந்தச் சொட்டிலேயே ஓடவிட்டு, பிறகு தாங்கியைத் திறந்துவிடுவார். போத்தலைப் பிடிக்கிற வேலை என்னுடையது. ஒரு சொட்டுக் கூட விட்டால் ஏச்சு விழும். நான் மெக்கானிக் ஆனது அந்தப் போத்தலில் இருந்துதான்.

ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது? எஞ்சினுக்குள் எரிவது திரவமல்ல, ஆவி. பெற்றோல் உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய் 38 பாகைக்கு மேலே சூடேறினால்தான் அந்த நிலைக்கு வரும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளியாகவே கிடக்கும், பிளக் நனையும், வெள்ளைப் புகை வரும். எஞ்சின் கொதித்த பிறகு உள்ளே போகிற துளி சுவரில் பட்டு ஆவியாகும், எரியும்.

அடுத்த தொல்லை தட்டுதல். மண்ணெண்ணெயின் ஒக்டேன், அதாவது தட்டாமல் அமுக்கத்தைத் தாங்குகிற அளவு, மிகக் குறைவு. பிளக் பொறி விட்டு நெருப்பு முழுதாகப் பரவுமுன்னரே, மிச்சக் கலவை அமுக்கத்தின் சூட்டில் தானாக வெடிக்கப் பார்க்கும். சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம், பிஸ்டன் தலை உருகும். அதற்கு மாற்றாகத் தலைக்குக் கீழே இரண்டு கஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைத்தார்கள், பொறி விழுகிற நேரத்தைக் கொஞ்சம் பிந்தவிட்டார்கள். மூன்றாவது தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடும். ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும், விரலில் எடுத்துப் பார்த்தால் தண்ணீராக ஓடும். அப்படி ஓடியே றிங்குகள் தேய்ந்தன. ஆனாலும் நோயாளியை மல்லாவி ஆஸ்பத்திரிக்கும், ஆசிரியரைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த எஞ்சின்கள்தான்.

இதை எங்கட ஆட்கள் யாரிடமும் படிக்கவில்லை. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மண்ணெண்ணெய் மிசின் இதே முறையில்தான் வேலை செய்யும்: பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்று. இங்கிலாந்திலும் 1949இல் பெர்குசன் ட்ராக்டரை இதற்கென்றே குறைந்த அமுக்கத்தோடு செய்து விற்றிருக்கிறார்கள். தெரிந்த தத்துவத்தை, தெரியாத எஞ்சினுக்கு, கருவி எதுவும் இல்லாமல் பொருத்தினார்கள் நம்மவர்கள்.

இனி கேள்விக்கு வருவோம். இன்றைய கிளாசிக்கில் ஓடாது. அமுக்க விகிதம் 9.5க்கு 1. காபரேற்றர் இல்லை, பெற்றோலை அழுத்தத்தில் தெளிக்கிற இன்ஜெக்டர். தாங்கிக்குள் மின் பம்ப். சைலன்சரில் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி, ஒட்சிசன் உணரி. மண்ணெண்ணெய் விட்டால் தட்டும், புகைக்கும், வினையூக்கி அடைபடும். அதற்கு 92 ஒக்டேன் பெற்றோல் போதும், 95 விட்டு வீண் செலவு செய்யத் தேவையில்லை.

டீசல் புல்லட் ஒன்று இருந்ததாமே?

இருந்தது. 1990களில் என்பீல்ட் டோரஸ் என்ற பெயரில் 325 சிசி டீசல் எஞ்சின் வைத்து இந்தியாவில் விற்றார்கள். 6.5 குதிரைவலுதான். மெதுவாகப் போகும், எண்ணெய் மிகக் குறைவாகக் குடிக்கும். அந்த வருசங்களில் ஒன்று இங்கே கிடைத்திருந்தால் மாமா சி.டி. 200ஐ விற்றிருப்பார்.

எங்கட கிரவல் ரோட்டுக்குச் சரிவருமா?

ஏ9இலும் பரந்தன் முல்லைத்தீவு வீதியிலும் கேள்வியே இல்லை, அங்கே ராசா மாதிரிப் போகும். கிரவலில் யோசிக்க வேண்டும். 195 கிலோ என்பது ஏறத்தாழ இரண்டு எம்.டி. 90இன் நிறை. முன் சில்லு 19 அங்குலம், பின் சில்லு 18. பெரிய சில்லு என்பதால் குழிக்குள் விழாமல் மேலால் உருண்டு போகும், அது நல்லது. தரையிலிருந்து 170 மில்லிமீற்றர் உயரம், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டுப் பாதைகளுக்கும் போதும். பூநகரி மணலிலும் மாரியில் வயல் பாதைச் சேற்றிலும் அந்த நிறை உங்களைத் தோற்கடிக்கும். கால் ஊன்றிய இடம் புதைந்தால் தனியாளாய் நிமிர்த்துவது கடினம்.

கம்பிச் சில்லில் ரியூப் உண்டு. மன்னார்ப் பக்கத்து உடைமுள்ளுக்கு அது தாங்காது. ரியூப் இல்லாத அலோய் சில்லு வருகிற மொடல் கிடைத்தால் அதை எடுங்கள். பழைய அழகு கொஞ்சம் குறையும், நடுக்காட்டில் நின்று பின் சில்லைக் கழற்றுவதும் குறையும்.

கோடையில் செம்புழுதி. காற்று வடியைக் கையேடு சொல்கிற தூரத்துக்குக் காத்திருக்காமல் கழற்றிப் பாருங்கள். அந்தப் புழுதி வடியைத் தாண்டினால் பிஸ்டனுக்கு அரத்தாள் மாதிரி.

பெற்றோல் எவ்வளவு குடிக்கும்?

நிதானமாக ஓடினால் லீற்றருக்கு 35 கிலோமீற்றர் அளவில். தாங்கி 13 லீற்றர். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தார்கள். அந்தக் கணக்கில் 140 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து வவுனியா போய்த் திரும்பி வர அது பத்தாது. எம்.டி. 90 வைத்திருந்தவர்கள் அந்த மாதங்களைச் சமாளித்தார்கள்.

பற்றரி இறங்கினால் உதைத்து எடுக்கலாமா?

மூன்றாம் தலைமுறையில் கிக்கர் இல்லை. செல்ஃப் மட்டும்தான். தள்ளி எடுக்கலாம், ஆனால் பம்பும் கணினிப் பெட்டியும் எழும்ப பற்றரியில் கொஞ்சமாவது உயிர் இருக்க வேண்டும். முற்றாகச் செத்தால் தள்ளியும் பயனில்லை. எனக்கு இந்த வண்டியில் மனக்குறை என்றால் இது ஒன்றுதான். கடையும் வெளிச்சமும் இல்லாத ரோட்டுகளில் ஓடுகிற எங்களுக்கு ஒரு கிக்கர் இருந்திருக்கலாம்.

பழைய புல்லட்டில் உதைப்பதே ஒரு கலை. அம்மீற்றர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அமுக்க வேண்டும், முள் நடுவுக்கு வரும் இடத்தில் அமுக்கத்தை விடுகிற லீவரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் தள்ள வேண்டும், பிறகு லீவரை விட்டு ஒரே மிதி. இடம் பிசகினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி ஒரு கிழமை நொண்டியவர்கள் உண்டு.

பொம்பிளைப் பிள்ளைகள் ஓடலாமா?

சீற் உயரம் 805 மில்லிமீற்றர். கால் நிலத்தில் பதிந்தால் ஓடலாம், அவ்வளவுதான். வன்னியில் அக்காமார் மோட்டார் சைக்கிள் ஓடுவது நேற்று வந்த புதினமல்ல. சாரதி அனுமதிப்பத்திரத்தில் மட்டும் கவனம்: ஏ1 வகுப்பு 100 சிசி வரைக்கும்தான். இதற்கு ஏ வகுப்பு வேண்டும். ஆணுக்கும் அதே சட்டம்.

சி.டி. 125ஐ விற்றுப்போட்டு இதை வாங்கட்டோ?

விற்காதீர்கள். வயலுக்கும் சந்தைக்கும் போகிற வேலையைச் சி.டி. 125 குறைந்த செலவில் செய்யும். பழுதானால் கிளிநொச்சியில் எந்தக் கராஜிலும் பாகம் கிடைக்கும், கையால் திருத்தலாம். கிளாசிக்கின் இன்ஜெக்டரில் பிழை வந்தால் அதைப் படிக்கிற கருவி வேண்டும். கிழமையில் நாலு நாள் யாழ்ப்பாணமோ வவுனியாவோ தூர ஓட்டம் ஓடுகிறவர், முதுகு நோகாமல் எழுபதில் போக விரும்புகிறவர், வண்டியைத் துடைத்து வைத்துப் பார்ப்பதில் சந்தோசம் காண்கிறவர் வாங்கட்டும்.

சைலன்சரை மாற்றி நல்ல வெடிச்சத்தம் வைக்கலாமா, அண்ணை?

கிழமைக்கு ஒரு தம்பி கேட்கிறார். இன்ஜெக்டர் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதை, வெளியே போகிற புகையிலுள்ள ஒட்சிசனை அளந்துதான் கணினிப் பெட்டி தீர்மானிக்கிறது. திறந்த சைலன்சர் போட்டால் அந்த அளவு பிசகும், கலவை மெலியும், எஞ்சின் சூடாகும், த்ரொட்டிலை விடும்போது குழாய்க்குள் எரியாத வாயு வெடிக்கும். நீங்கள் ஆசைப்படுகிற அந்த ‘படார்’ அந்தப் பிழையின் சத்தம்.

அதை விடவும் ஒன்று இருக்கிறது. இரவு பத்து மணிக்கு ரோட்டில் அப்படி ஒன்று வெடித்தால், பாயிலிருந்து துள்ளி எழுந்து பிள்ளைகளைத் தேடுகிற ஆட்கள் எங்கட ஊரில் இன்னும் இருக்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான். அந்தச் சைலன்சரைக் கொண்டுவந்தால் நான் பூட்டித் தருவதில்லை. ஏற்கெனவே பூட்டியிருந்தால் கழற்றி, வண்டியோடு வந்ததையே காசு வாங்காமல் திரும்பப் பூட்டித் தருகிறேன்.